எசேக்கியா: மூன்று பக்கமும் சாட்சி உள்ள யூத அரசர்

பைபிளில் வரும் யூத அரசர்கள் என்றதும் தாவீதும் சாலொமோனும்தான் பலருக்கும் நினைவுக்கு வருவார்கள். ஆனால் அவர்களைப் பற்றி பைபிளுக்கு வெளியே ஏதாவது இருக்கிறதா என்று தேடினால் கையில் கிடைப்பது கொஞ்சம்தான். இஸ்ரேலின் வடக்கே தேல் தாண் என்ற இடத்தில் 1993இல் கிடைத்த ஒரு கல்வெட்டில் 'தாவீதின் வீடு' என்ற சொல் இருக்கிறது. சாலொமோன் பெயரைச் சொல்லும் அவர் காலத்துக் கல்வெட்டு ஒன்றுகூட இதுவரை கிடைக்கவில்லை.

அவர்களுக்கு இரண்டு நூற்றாண்டுகளுக்கும் மேல் பின்னால் வந்த எசேக்கியாவின் கதை வேறு. அவரைப் பற்றி அவருடைய சொந்த ஜனங்கள் எழுதி வைத்தார்கள். அவரை அழிக்க வந்த எதிரியும் எழுதி வைத்தார். எருசலேமின் மண்ணுக்கு அடியிலும் அவர் காலத்துச் சான்றுகள் கிடைத்தபடி இருக்கின்றன. இந்த மூன்றும் சில இடங்களில் அச்சு அசலாக ஒத்துப்போகின்றன, சில இடங்களில் முட்டிக்கொள்கின்றன. பழைய காலத்து அரசர் ஒருவரைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்பவர்களிடம் நான் எசேக்கியாவிலிருந்து தொடங்குங்கள் என்றுதான் சொல்வேன்.

ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். எசேக்கியேல் வேறு, எசேக்கியா வேறு. எசேக்கியேல் தீர்க்கதரிசி, பாபிலோனில் சிறையிருப்பில் வாழ்ந்தவர். எசேக்கியா அவருக்கு நூறு ஆண்டுகளுக்கு முன் எருசலேமில் ஆண்ட அரசர். எபிரெயத்தில் அவர் பெயர் ஹிஸ்கியாஹு. 'கர்த்தர் பலப்படுத்துகிறார்' என்று பொருள்.

அவர் பிறந்த உலகம்

சாலொமோன் இறந்த பிறகு ராஜ்யம் இரண்டாக உடைந்தது. வடக்கே இஸ்ரவேல், தலைநகரம் சமாரியா. தெற்கே யூதா, தலைநகரம் எருசலேம். யூதர் என்ற சொல்லே இந்தத் தெற்கு ராஜ்யத்தின் பெயரிலிருந்து வந்ததுதான். வடக்கு பெரியது, வளமானது. யூதா மலைப்பாங்கான சின்ன நாடு.

இந்த இரண்டுக்கும் மேலே நிழலாக நின்றது அசீரியா. இன்றைய வடக்கு ஈராக்கில் இருந்த பேரரசு அது. அதன் வழி எளிமையானது, கொடூரமானது. கப்பம் கட்டினால் விட்டுவிடும். கட்ட மறுத்தால் நகரத்தை இடித்து, மக்களைப் பிடித்துக்கொண்டுபோய் எங்கோ தூரத்தில் குடியேற்றிவிடும். அவர்கள் இடத்தில் வேறு ஊர்க்காரர்களைக் கொண்டுவந்து வைக்கும். அதற்கப்புறம் அந்த மக்கள் தங்கள் பெயரோடு எழுந்திருப்பது கடினம்.

எசேக்கியாவின் அப்பா ஆகாஸ் பணிந்து போனவர். அசீரிய அரசனுக்கு ஆள் அனுப்பி, நான் உம்முடைய அடியான், உம்முடைய குமாரன் என்று சொல்லச் சொன்னதாக பைபிள் எழுதுகிறது. தேவாலயத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்துக் காணிக்கையாக அனுப்பினார். வடக்கு ராஜ்யம் எதிர்த்து நின்றது. கி.மு. 722 வாக்கில் சமாரியா விழுந்தது. 'காணாமல்போன பத்துக் கோத்திரங்கள்' என்று சொல்கிறோமே, அந்தக் கதை தொடங்கும் இடம் இதுதான்.

எசேக்கியா 25 வயதில் பட்டத்துக்கு வந்து 29 ஆண்டுகள் ஆண்டார். எந்த ஆண்டு வந்தார் என்பதில் அறிஞர்களிடையே இன்னும் வாதம் நடக்கிறது. அதற்குக் காரணம் பைபிளிலேயே இருக்கிறது. சமாரியா விழுந்தது அவருடைய 6ஆம் ஆண்டு என்கிறது ஒரு வசனம். அப்படியானால் அவர் கி.மு. 727 வாக்கில் வந்திருக்க வேண்டும். அசீரியப் படையெடுப்பு நடந்தது அவருடைய 14ஆம் ஆண்டு என்கிறது கொஞ்சம் தள்ளி வரும் இன்னொரு வசனம். அந்தப் படையெடுப்பு கி.மு. 701 என்று உறுதியாகத் தெரியும். அப்படிப் பார்த்தால் 715. இரண்டையும் இணைக்கப் பல வழிகள் சொல்கிறார்கள், அதற்குள் இப்போது போக வேண்டாம். 701 என்ற ஆண்டை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

உடைத்தவர்

பைபிள் எசேக்கியாவைப் புகழ்வது அவருடைய போருக்காக அல்ல, வழிபாட்டில் அவர் செய்த மாற்றத்துக்காக. அதுவரை யூதாவில் ஊருக்கு ஊர் மேடைகள் இருந்தன. அங்கே பலி கொடுப்பார்கள், சிலைத்தூண்கள் நிற்கும். அவற்றையெல்லாம் அகற்றி, எருசலேம் தேவாலயத்தில் மட்டுமே வழிபாடு என்று கொண்டுவந்தவர் இவர்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைப்பது வெண்கலப் பாம்பை உடைத்த செய்தி. வனாந்தரத்தில் பாம்பு கடித்தவர்கள் பார்த்துப் பிழைக்கும்படி மோசே செய்ததாகச் சொல்லப்படும் பாம்பு அது. வேறு தேவர்களின் சிலை அல்ல. மிகப் புனிதமான பழம்பொருள். ஆனால் மக்கள் அதற்குத் தூபம் காட்டத் தொடங்கியிருந்தார்கள். எசேக்கியா அதையும் துண்டு துண்டாக்கினார். அந்நியரின் சிலையை உடைப்பதைவிட, தன் முன்னோரின் பொக்கிஷத்தை உடைப்பதற்கு அதிகத் துணிச்சல் வேண்டும்.

இதற்குத் தடயம் கிடைத்திருக்கிறதா? பெயெர்செபாவில் தோண்டியபோது, நான்கு மூலையிலும் கொம்பு போலச் செதுக்கிய ஒரு பலிபீடத்தின் கற்கள் ஒரு கட்டடச் சுவருக்குள் சாதாரணக் கற்களாக வைத்துக் கட்டப்பட்டிருந்தன. யாரோ பலிபீடத்தைப் பிரித்து, அந்தக் கற்களைக் கட்டுமானத்துக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஆராதில் ஒரு சிறு கோயில் மூடப்பட்டு மண்ணுக்குள் கிடந்தது. லாகீஸ் நகர வாசலில் ஒரு வழிபாட்டு அறை, அதன் பலிபீடங்களின் கொம்புகள் வெட்டப்பட்ட நிலையில், 2016இல் கண்டெடுக்கப்பட்டது. அந்த அறையில் கல்லால் செய்த கழிப்பறை இருக்கை ஒன்றும் இருந்தது. இடத்தைத் தீட்டாக்கவே அதை அங்கே வைத்தார்கள் என்று தோண்டியவர்கள் சொல்கிறார்கள். இவை எல்லாமே எசேக்கியாவின் கை வேலைதானா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் ஊர்க்கோயில்கள் மூடப்பட்டன என்ற செய்தி வெறும் காகிதக் கதை அல்ல என்று மட்டும் தெரிகிறது.

கூடவே இன்னொன்றும் செய்தார். அழிந்துபோன வடக்கு ராஜ்யத்தில் மீந்திருந்தவர்களுக்கும் ஆள் அனுப்பி, எருசலேமுக்கு வந்து, எகிப்திலிருந்து விடுதலையானதை நினைவுகூரும் பஸ்கா பண்டிகையைக் கொண்டாடுங்கள் என்று அழைத்தார். பலர் அந்தத் தூதர்களைப் பார்த்துச் சிரித்தார்கள், சிலர் வந்தார்கள் என்கிறது பைபிளின் நாளாகமம் புத்தகம்.

தண்ணீர்

கி.மு. 705இல் அசீரிய அரசன் இரண்டாம் சர்கோன் போர்க்களத்தில் இறந்தார். பேரரசு முழுக்கக் கலகம் வெடித்தது. பட்டத்துக்கு வந்த மகன் சனகெரிப் எங்கே முதலில் போவார் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எசேக்கியா கப்பத்தை நிறுத்தினார். அசீரியாவுக்கு விசுவாசமாக இருந்த எக்ரோன் நகரத்து அரசனை எருசலேமில் கொண்டுவந்து அடைத்தும் வைத்தார். இனி படை வரும் என்பது நிச்சயம்.

இங்கேதான் எசேக்கியா எப்படிப்பட்டவர் என்பது துலங்குகிறது. அவர் நம்பிக்கையோடு காத்திருக்கவும் இல்லை, பயந்து ஓடவும் இல்லை. உட்கார்ந்து கணக்குப் போட்டார்.

முதல் கணக்கு உணவு. யூதாவின் பல ஊர்களில் 'ராஜாவுக்குரியது' என்று முத்திரை குத்திய பெரிய ஜாடிகளின் கைப்பிடிகள் இரண்டாயிரத்துக்கும் மேல் கிடைத்திருக்கின்றன. எண்ணெயும் திராட்சரசமும் சேமித்து ஊர்களுக்குப் பிரித்துக் கொடுத்த ஏற்பாடு அது என்று பலரும் கருதுகிறார்கள். இரண்டாவது கணக்கு மதில். வடக்கிலிருந்து வந்த அகதிகளாலும் எருசலேம் பெருத்து, பழைய மதிலுக்கு வெளியே வீடுகள் பரவியிருந்தன. 1970களில் நாமான் அவிகாட் என்ற தொல்லியலாளர் அங்கே சுமார் 7 மீட்டர் அகலமுள்ள ஒரு மதிலைக் கண்டுபிடித்தார். அது குடியிருந்த வீடுகளை வெட்டிக்கொண்டு அவற்றின் மேலேயே போகிறது. ஏசாயா தீர்க்கதரிசி அந்தக் காலத்திலேயே, மதிலைப் பலப்படுத்த வீடுகளை எண்ணி இடித்தீர்கள் என்று எழுதியிருக்கிறார். இடிபட்ட அந்த வீடுகளின் சுவர்களை இன்றைக்கு நேரிலேயே பார்க்கலாம். யாரோ ஒரு குடும்பம் நாட்டுக்காக வீட்டை விட்டுக்கொடுத்த இடம் அது.

மூன்றாவது கணக்குத்தான் மிகப் பெரியது. எருசலேமுக்கு நம்பகமான ஊற்று ஒன்றே ஒன்று, கீகோன். அது நகரத்தின் கிழக்குச் சரிவின் அடிவாரத்தில், பள்ளத்தாக்கில் இருந்தது. முற்றுகை போட்ட படை அந்தத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உள்ளே இருப்பவர்களைத் தாகத்தில் வாட விடலாம். அசீரியா ராஜாக்கள் வந்து இவ்வளவு தண்ணீரைக் கண்டுபிடிப்பானேன் என்று ஜனங்கள் பேசிக்கொண்டதாக நாளாகமம் சொல்கிறது. ஊற்றின் வெளிவாயை மூடி, தண்ணீரை நகரத்துக்குள் திருப்பினார்கள்.

அதற்காகக் குடைந்த சுரங்கத்தின் நீளம் 533 மீட்டர். கெட்டியான சுண்ணாம்புப் பாறை. நேராகப் போயிருந்தால் ஏறக்குறைய 320 மீட்டரில் முடிந்திருக்கும், ஆனால் அது பாம்புபோல் வளைந்து போகிறது. இரண்டு குழுக்கள் இரண்டு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் குடைந்தன. திசைகாட்டி கிடையாது, மேலே பல மீட்டர் உயரத்துக்குப் பாறை. இருந்தும் நடுவில் சந்தித்தார்கள். அதைவிட ஆச்சரியம், தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையே உயர வித்தியாசம் சுமார் 30 சென்டிமீட்டர்தான். தண்ணீர் தானாக வழிந்தோட அது போதும். எப்படிச் சாதித்தார்கள் என்பதற்குப் பாறையின் இயற்கை வெடிப்பைப் பின்தொடர்ந்தார்கள், மேலே இருந்தவர்கள் தட்டும் சத்தத்தைக் கேட்டுத் திசை பிடித்தார்கள் என்றெல்லாம் விளக்கங்கள் உண்டு. சுரங்கம் சற்று முன்னே பின்னே வேறு அரசர் காலத்தது என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சுரங்கத்தின் பூச்சில் இருந்த தாவரத் துணுக்குகளையும் சுண்ணாம்புப் படிவத்தையும் சோதித்து 2003இல் வெளியான ஆய்வு, அது கி.மு. 700ஐ ஒட்டியது என்று காட்டியது.

கி.மு. 701

சனகெரிப் வந்தார். யூதாவின் கோட்டை நகரங்கள் ஒவ்வொன்றாக விழுந்தன. எருசலேமுக்கு அடுத்த பெரிய நகரமான லாகீஸ், தென்மேற்கே சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, பயங்கரமாக விழுந்தது. அசீரியர்கள் மதில்மேல் ஏறக் கட்டிய சாய்வான கல்மேடு இன்றும் அங்கே இருக்கிறது. அதன்மேல் அம்பு முனைகளும் கவண் கற்களும் கொட்டிக் கிடந்தன. நினிவேயில் தன் அரண்மனையின் ஓர் அறை முழுக்க இந்த வெற்றியை சனகெரிப் புடைப்புச் சிற்பமாகச் செதுக்க வைத்தார். இப்போது அவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கின்றன. மூட்டை முடிச்சுகளோடு மாட்டு வண்டியில் போகும் பெண்களும் குழந்தைகளும், கழுவில் ஏற்றப்பட்ட ஆண்களும் அதில் இருக்கிறார்கள். யூதாவின் சாதாரண மனிதர்களை நாம் முகத்தோடு பார்க்கக் கிடைத்திருப்பது எதிரியின் சுவரில்தான்.

அப்புறம் எருசலேம். இதைப் பற்றி மூன்று பக்கமும் என்ன சொல்கின்றன என்று வைத்துப் பார்ப்போம்.

சனகெரிப் ஆறு பக்கமுள்ள களிமண் பட்டகங்களில் தன் படையெடுப்புகளை எழுத வைத்தார். அதில் சொல்கிறார்: என் நுகத்துக்குப் பணியாத யூதாவின் எசேக்கியாவின் 46 பலத்த நகரங்களைப் பிடித்தேன், 2,00,150 பேரை வெளியேற்றினேன், அவரைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமுக்குள் அடைத்தேன். 30 தாலந்து (அந்தக் காலத்து எடை அளவு) பொன்னும் 800 தாலந்து வெள்ளியும், அவருடைய மகள்களும், அரண்மனைப் பெண்களும், பாடகர்களும் நினிவேக்கு வந்து சேர்ந்ததாகவும் எழுதுகிறார். மக்கள் தொகையில் மிகைப்படுத்தல் இருக்கலாம். ஆனால் இந்த வரிகளில் இல்லாத ஒன்றைக் கவனியுங்கள். எருசலேமைப் பிடித்தேன் என்று அவர் சொல்லவே இல்லை. பிடித்திருந்தால் சொல்லாமல் விடுகிற ஆள் அல்ல அவர்.

பைபிள் சொல்வது என்ன? எசேக்கியா முதலில் பணிந்தார். நான் குற்றஞ்செய்தேன் என்று லாகீசுக்கு ஆள் அனுப்பினார். தேவாலயக் கதவுகளில் தானே பூசிய பொன்னைத் தானே உரித்துக் கொடுத்தார். 30 தாலந்து பொன், 300 தாலந்து வெள்ளி. பொன்னின் கணக்கு இரண்டு பக்கத்திலும் ஒன்றேதான்! வெள்ளியில்தான் வேறுபாடு. இரண்டு எதிரிகள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் எழுதிய இரண்டு புத்தகங்களில் ஒரே எண் வருவது எவ்வளவு அபூர்வம் என்று நினைத்துப் பாருங்கள்.

ஆனாலும் அசீரியப் படை மதிலடிக்கு வந்தது. ரப்சாக்கே வந்து பேசினார். அது ஆளின் பெயர் அல்ல, அசீரிய அரசவையில் ஒரு பதவி. எகிப்தை நம்புகிறீர்களா, அது ஊன்றினவன் கையில் குத்தும் நெரிந்த நாணல் என்றார். உங்களிடம் ஏறி ஓட்ட ஆள் இருந்தால் 2,000 குதிரை நானே தருகிறேன் என்றார். எசேக்கியாவின் அதிகாரிகள், மதில்மேல் இருக்கிற ஜனங்களுக்குக் கேட்கும்படி யூத பாஷையில் பேச வேண்டாம், அரமேய பாஷையில் பேசும் என்று கெஞ்சினார்கள். அவரோ வேண்டுமென்றே குரலை உயர்த்தி யூத பாஷையிலேயே கத்தினார். எதிரியின் மனதைப் பேச்சாலேயே உடைக்கும் உத்தி எவ்வளவு பழையது என்பதற்கு இதைவிட உயிருள்ள காட்சி எனக்குத் தெரியாது.

மிரட்டல் கடிதத்தை எசேக்கியா தேவாலயத்துக்கு எடுத்துக்கொண்டுபோய், கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்து ஜெபம் செய்தார். அன்றிரவு கர்த்தருடைய தூதன் அசீரியப் பாளயத்தில் 1,85,000 பேரைச் சங்கரித்தான், சனகெரிப் திரும்பிப் போனார் என்கிறது பைபிள். கிரேக்கரான எரோடோட்டசின் நூலில் எகிப்தியர்கள் சொன்னதாக வேறொரு கதை வருகிறது. சனகெரிபின் படையின் வில்நாண்களையும் கேடயப் பிடிகளையும் எலிகள் கடித்துப் போட்டனவாம். அந்த எலிகளை வைத்து, பாளயத்தில் கொள்ளைநோய் வந்திருக்கலாம் என்று ஊகிப்பவர்கள் இருக்கிறார்கள். கப்பம் கிடைத்ததே போதும் என்று போயிருக்கலாம் என்பவர்களும் இருக்கிறார்கள். படை ஏன் போனது என்பதில்தான் இத்தனை பேச்சும். போனது என்பதிலும், நகரம் விழவில்லை என்பதிலும் யாருக்கும் சந்தேகமில்லை.

பைபிளை வாசிக்கும்போது கவனிக்க இங்கே ஒரு சின்ன விஷயம் இருக்கிறது. சனகெரிப் திரும்பிப் போனார், தன் தேவனின் கோயிலில் தன் பிள்ளைகளாலேயே வெட்டப்பட்டார் என்று அடுத்தடுத்து எழுதியிருக்கும். உடனே நடந்ததுபோல் தோன்றும். ஆனால் அவர் கொல்லப்பட்டது கி.மு. 681இல், அதாவது 20 ஆண்டுகள் கழித்து.

அத்திப்பழ அடையும் பாபிலோன் விருந்தாளிகளும்

எசேக்கியா ஒருமுறை சாகக் கிடந்தார். உடலில் கட்டி. உன் வீட்டுக் காரியத்தை ஒழுங்குபடுத்து, நீ பிழைக்கமாட்டாய் என்று ஏசாயாவே வந்து சொல்லிவிட்டார். எசேக்கியா சுவர் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். 15 ஆண்டு ஆயுள் கூட்டிக் கொடுக்கப்பட்டது, கட்டியின்மேல் அத்திப்பழ அடையை வைத்துக் கட்டினார்கள், பிழைத்தார் என்கிறது கதை. ஜெபமும் உண்டு, மருந்தும் உண்டு. இந்த மனிதர் வாழ்க்கை முழுக்க அப்படித்தான்.

நலம் விசாரிக்க பாபிலோனிலிருந்து தூதர்கள் வந்தபோது, பெருமையில் கஜானாவையும் ஆயுதசாலையையும் திறந்து எல்லாவற்றையும் காட்டினார். இவையெல்லாம் ஒருநாள் பாபிலோனுக்குப் போகும், உன் சந்ததியாரில் சிலரும் போவார்கள் என்றார் ஏசாயா. அதற்கு எசேக்கியா சொன்ன பதில் வருத்தம் தருவது: நல்லது, என் நாட்களில் சமாதானம் இருந்தால் போதுமே. இவ்வளவு பெரிய மனிதர் வாயிலிருந்து இப்படி ஒரு சொல்லா என்று தோன்றும். அதை மறைக்காமல் எழுதி வைத்திருப்பதால்தான் அந்த எழுத்தின் மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது. கி.மு. 586 வாக்கில் பாபிலோனியர் எருசலேமை எரித்தார்கள்.

விட்டுச்சென்றவை

நகரம் பிழைத்தது, நாடு நொறுங்கியது. லாகீசைச் சுற்றியிருந்த வளமான தாழ்நிலம் கைவிட்டுப் போனது. மகன் மனாசே 12 வயதில் பட்டத்துக்கு வந்தபோது அசீரியாவுக்குக் கப்பம் கட்டும் அரசராகவே ஆண்டார். அசீரியப் பதிவுகளிலும் அவர் பெயர் உண்டு. அப்பா இடித்த மேடைகளையெல்லாம் அவர் திரும்பக் கட்டினார். கொள்ளுப்பேரன் யோசியா வந்துதான் மறுபடி இடித்தார்.

ஆனால் சமாரியாவைப் போல எருசலேமும் 701இல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? யூத ஜனம் பதினொன்றாவது கோத்திரமாகக் காணாமல்போயிருக்கும் என்றே நான் நினைக்கிறேன். நீதிமொழிகள் புத்தகத்தின் 25ஆம் அதிகாரத்தைத் திறந்தால், இவை எசேக்கியாவின் ஆட்கள் பெயர்த்து எழுதியவை என்று முதல் வசனம் சொல்லும். பழைய வாக்கியங்களைத் தேடி ஏட்டில் ஏற்றும் வேலை அவர் அரண்மனையில் நடந்திருக்கிறது. மத்தேயு எழுதின வம்ச வரலாற்றில் இயேசுவின் முன்னோர் வரிசையில் அவர் வருகிறார். 'நமக்கு ஒரு பாலகன் பிறந்தார்' என்ற ஏசாயாவின் வரியைக் கிறிஸ்தவர்கள் இயேசுவைப் பற்றியதாக வாசிக்கிறார்கள். யூத உரையாசிரியர்கள் பலர் அது எசேக்கியாவைக் குறிக்கிறது என்கிறார்கள். தேவன் இவரையே யூதர்கள் எதிர்பார்க்கும் மீட்பரான மேசியாவாக்க நினைத்தார், விடுதலைக்குப் பின் இவர் துதிப்பாட்டுப் பாடாததால் அது நடக்கவில்லை என்று யூத ரபீக்களின் போதனைத் தொகுப்பான தல்மூதில் ஒரு மரபும் உண்டு.

அவருடைய முத்திரையே கிடைத்துவிட்டது. எருசலேமில் ஓப்பேல் பகுதியில் 2009இல் தொல்லியலாளர் ஏலாத் மசாரின் குழுவினர் தோண்டியெடுத்த ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள களிமண் துண்டு அது. எழுத்தைப் படித்து 2015இல் அறிவித்தார்கள்: 'யூதாவின் ராஜா, ஆகாசின் மகன் எசேக்கியாவினுடையது.' நடுவில் சிறகு விரித்த சூரியன், பக்கத்தில் எகிப்தியரின் உயிர்க்குறி. சிலைகளை உடைத்தவரின் முத்திரையில் அந்நிய நாட்டுச் சின்னங்கள் இருப்பது முதலில் இடிக்கும். அந்தக் காலத்தில் அரச கௌரவத்துக்கான பொதுமொழி அதுதான்.

யூத ரபீக்கள் அவரைக் கண்ணை மூடிக்கொண்டு புகழவில்லை. எசேக்கியா செய்த ஆறு காரியங்களில் மூன்றை ஞானிகள் ஏற்றார்கள், மூன்றை ஏற்கவில்லை என்று தல்மூதில் ஒரு பட்டியல் இருக்கிறது. வெண்கலப் பாம்பை நொறுக்கியதை ஏற்றார்கள். ஏற்காதவற்றில் ஒன்று, கீகோன் ஊற்றை அடைத்தது. தேவன் காப்பேன் என்று சொன்ன பிறகு, எதற்கு அந்த வேலை என்பது உரைகாரர்கள் தரும் விளக்கம். ஏசாயாவும் அன்றே, குளத்துத் தண்ணீரைச் சேர்த்தீர்கள், அதைச் செய்தவரை நோக்கவில்லை என்று கடிந்திருக்கிறார். இதில் என் மனம் சுரங்கம் குடைந்தவர்கள் பக்கம்தான்.

அவர்களும் தங்கள் பக்கத்தை எழுதி வைத்துத்தான் போயிருக்கிறார்கள். 1880இல், சுரங்கம் போய் முடியும் சீலோவாம் குளத்தில் விளையாடிய ஒரு சிறுவன் சுரங்கத்தின் உள்ளே சுவரில் எழுத்துகள் இருப்பதைக் கண்டான். பழைய எபிரெய எழுத்தில் ஆறு வரிகள். பத்து ஆண்டுகள் கழித்து யாரோ அதை வெட்டிப் பெயர்த்து உடைத்துவிட்டார்கள். ஒட்டோமான் அரசு மீட்டெடுத்துக் கொண்டுபோனது, இப்போது அது இஸ்தான்புல் தொல்லியல் மியூசியத்தில் இருக்கிறது. அந்த வரிகளில் எசேக்கியாவின் பெயர் இல்லை. தேவனின் பெயரும் இல்லை. குடைந்தவர்கள் மட்டுமே இருக்கிறார்கள்: இன்னும் மூன்று முழம் மிச்சமிருந்தபோது, ஒருவன் தன் தோழனைக் கூப்பிடும் குரல் பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டது. ஒருவரை நோக்கி ஒருவர் வெட்டினார்கள், கருவியோடு கருவி மோதியது. ஊற்றிலிருந்து குளத்துக்கு 1,200 முழம் தண்ணீர் ஓடியது.